பயிற்சி முடித்த பிள்ளைகள் ஊரில் தங்கவில்லை. நம் உற்பத்தியாளர் நிறுவனம் எங்கே தவறுகிறது?

மல்லாட்டைக்காடு (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். செஞ்சிப் பக்கம் இரண்டரை ஏக்கர் வைத்திருக்கிறேன். ஆடிப் பட்டத்தில் மானாவாரியாகவும், மார்கழிப் பட்டத்தில் கிணறு இடம் கொடுத்த அளவுக்கும் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, உழவர்களே பங்குதாரர்களாக இருக்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவானது. முந்நூறு பேருக்குமேல் பங்கு கட்டினோம். நானும் இயக்குநர்களில் ஒருவன். அதனால், கீழே எழுதும் குறைகளில் என் பங்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மூன்று ஆண்டுகளில் காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, மண்புழு உரம், மதிப்புக் கூட்டல் என்று எங்கள் ஊர்களைச் சேர்ந்த நாற்பது இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. எல்லோரிடமும் சான்றிதழ் இருக்கிறது. அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இன்று ஒரகடத்திலும் புதுச்சேரியிலும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். போனதைக் குற்றமென்று சொல்லவில்லை; என் மகனும் அங்கேதான் இருக்கிறான். உறுப்பினர்களோ, பங்கு கட்டிய கையோடு விளைச்சலை வழக்கமான மண்டிக்கே கொண்டுபோகிறார்கள். சென்ற பட்டத்தில் நிறுவனத்திடம் சரக்குப் போட்டவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. வருகிற பங்குனியோடு அரசின் நிர்வாகச் செலவு உதவியும் நின்றுவிடும். பயிற்சியும் கிடைத்தது, சங்கமும் அமைந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லையே, ஏன்? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய செயலர்:

நண்பருக்கு வணக்கம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இந்த நோய் புதியதன்று. சென்னை மாகாண அரசு 1892இல் பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கிராம வங்கிகளைப் பார்த்துவர அனுப்பியது. 1895க்கும் 1897க்கும் இடையில் வெளிவந்த அவரது நீண்ட அறிக்கையின் சாரத்தை 'ரைஃபைசனைத் தேடுங்கள்' என்ற இரண்டே சொற்களில் சொல்வார்கள். ஜெர்மனியின் சிற்றூர்களில் கடன் சங்கங்களை அமைத்த ரைஃபைசனைப் போன்ற ஒருவர் ஊர்தோறும் முளைக்காவிட்டால் சட்டம் மட்டும் போதாது என்பது அதன் பொருள். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது; அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. அன்று ஒருவன் வாங்கிய கடனுக்கு ஊரே பொறுப்பு. அதனால் அவன் அந்தப் பணத்தில் விதை வாங்கினானா, வேறெதற்காவது செலவழித்தானா என்று பக்கத்துக் காட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். சங்கத்துக்கு உயிர் கொடுத்தது அந்தக் கண்காணிப்புதான்.

பிற்காலத்தில் பணம் மேலிருந்து வந்தது, தள்ளுபடியும் மேலிருந்தே வந்தது. 2021இல் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. வறட்சியிலும் புயலிலும் நொந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர் என் மேசைக்கு முன்னால் நின்று, 'நான் கட்டியதுதான் தவறா ஐயா?' என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தன் பணம் இல்லாத இடத்தில் தன் கண்ணும் இருப்பதில்லை. உங்கள் நிறுவனத்தில் உறுப்பினர் கட்டிய பங்கு எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

பெரியவர் சொன்ன வரலாறு சரி. ஆனால் மண்டிக்குப் போகிறவனின் கணக்கையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? நான் அப்படிப் போகிறவன்தான். எங்கள் பகுதி நிறுவனத்தில் பங்கும் வைத்திருக்கிறேன்.

வியாபாரியைத் திட்டுவது எளிது. சாக்குக் கழிவு, ஈரக் கழிவு என்று மூட்டைக்குச் சில கிலோவை அவர் அடிக்கிறார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் தாயாருக்கு இரவு பதினோரு மணிக்கு நெஞ்சுவலி வந்தபோது பணம் எடுத்துக்கொடுத்தவர் அவர். விதைப் பருப்பைக் கடனாகக் கொடுத்தவரும் அவரே. சரக்கைப் போட்ட அன்றே மீதிப் பணத்தைக் கையில் வைக்கிறார். நிறுவனத்தில் போட்டபோது எனக்குப் பணம் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. குவிண்டாலுக்கு நூறு ரூபாய் கூடத்தான் கொடுத்தார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் களை எடுத்தவர்களுக்கும் காய் ஆய்ந்தவர்களுக்கும் நான் என்ன பதில் சொல்வது? வியாபாரி வாங்குவது சரக்கை மட்டுமன்று, என் அவசரத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அதற்கு ஈடாக ஒன்றைத் தராத சங்கத்துக்கு, விசுவாசம் என்ற ஒன்றுக்காக மட்டும் விவசாயி வரமாட்டான்.

கணக்கெழுதுபவள்:

இரண்டு உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். பழைய செயலர் ஐயா கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஏரிக்கரை அண்ணன் சொன்ன பன்னிரண்டு நாள் ஏன் ஆகிறது என்பதும் இந்தக் கணக்கில் விளங்கிவிடும்.

2020 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், சமவெளிப் பகுதி என்றால் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு நிர்வாகச் செலவாக 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உறுப்பினர் கட்டிய பங்குக்கு ஈடாக, தலைக்கு 2,000 ரூபாய் வரையிலும், மொத்தம் 15 லட்சம் வரையிலும் அரசு பங்கு மானியம் தரும். எனவே 300 பேர் தலைக்கு 2,000 கட்டினால் 6 லட்சம். அரசு தருவது 6 லட்சம். ஆக மொத்த முதலீடு 12 லட்சம். மல்லாட்டை குவிண்டால் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த முதலீட்டைக்கொண்டு ஒரே நேரத்தில் 200 குவிண்டால்தான் வாங்க முடியும். அது இரண்டு லாரிச் சுமை. மூன்றாவது லாரிக்கு, முதல் லாரிக்கான பணம் ஆலையிலிருந்து வந்தாக வேண்டும். பன்னிரண்டு நாள் அங்கேதான் போகிறது.

இனி அடுத்த பக்கத்தைப் பாருங்கள். முதன்மைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000, கணக்காளருக்கு 10,000 என்று திட்டம் வரம்பு வைத்திருக்கிறது. உதவி நின்ற பிறகும் அவர்கள் இருவரையும் வைத்துக்கொள்ள ஆண்டுக்கு 4.2 லட்சம் வேண்டும். வாடகையையும் தணிக்கைக் கட்டணத்தையும் நான் இதில் சேர்க்கவே இல்லை. விற்பனையில் இரண்டு விழுக்காடு லாபமாக நிற்கிறது என்றால் 2.1 கோடி ரூபாய்க்கு வணிகம் நடக்க வேண்டும்; அதாவது 3,500 குவிண்டால். 300 உறுப்பினர்களும் விலக்கில்லாமல் தலைக்குப் பன்னிரண்டு குவிண்டாலுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொண்டுவர வேண்டும். நன்றாக விளைந்த ஓர் ஏக்கரின் மொத்தக் காயும் போதாது. ஐம்பது பேர் மட்டும் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவானதால் நிதிநிலை அறிக்கை, ஆண்டு அறிக்கை என்ற இரண்டு படிவங்களையும் ஆண்டுதோறும் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால், ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஓர் ஆண்டு கவனிக்காமல் விட்டால் 73,000 ரூபாய். முப்பத்தாறு பேரின் பங்குத்தொகை அப்படியே கரைந்துவிடும். நான் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் இது நடந்தது. அந்த ஊரில் வணிகவியல் பட்டம் பெற்ற பெண்கள் ஐந்து பேர் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள், காளான் வளர்ப்பில்.

மல்லாட்டைக்காடு:

சகோதரியின் கணக்கைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று ஆண்டுகளாக நடந்த எங்கள் இயக்குநர் கூட்டங்களில் இந்த 3,500 என்ற எண்ணை ஒருவரும் சொன்னதில்லை. உறுப்பினர் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டிவிட்டது என்று மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதினோம்.

விலகிவந்த செயல் அலுவலர்:

நான் வேளாண்மையில் இளநிலைப் பட்டம் பெற்றவன். ஓர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் முதன்மைச் செயல் அலுவலராக இருந்து விலகினேன். இளைஞர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். போனவன் பேசுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

பயிற்சிகள் யாருடைய தேவையிலிருந்து புறப்படுகின்றன என்று பாருங்கள். ஒரு துறைக்கு இத்தனை பேருக்கு இத்தனை நாள் பயிற்சி என்று ஆண்டு இலக்கு வரும். ஆளைத் திரட்டித் தருவது என் வேலை. படிப்பும் பயிர் நிலமும் வேறுவேறான இளைஞர்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்புவோம். ஆனால் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல், செஞ்சிக்கு அதிகத் தொலைவில்லாத புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. செய்து கற்பது, வேலையின் ஊடாகக் கற்பிப்பது என்பதே அதன் அடிப்படையாக வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004 முதல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டத்திலும் விஞ்ஞானிகள் விவசாயியின் சொந்த வயலில் நின்று சொட்டு நீரையும் நீர்வழி உரத்தையும் பழக்கினார்கள். அந்த விவசாயிகளே சங்கமாகச் சேர்ந்து சந்தையையும் பேசினார்கள். அங்கே பயிற்சியும் பயிரும் விற்பனையும் ஒரே வரப்பின்மேல் நடந்தன.

எனவே என் கருத்து இதுதான்: முதலில் சங்கத்துக்கு என்னென்ன வேலைகள் தேவை என்று எழுதுங்கள், அந்த வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுங்கள், பிறகு பயிற்சிக்கு அனுப்புங்கள். மல்லாட்டையை எடுத்துக்கொண்டால், காயின் ஈரத்தை அளப்பவர் ஒருவர் வேண்டும். எட்டு விழுக்காட்டுக்குமேல் ஈரமிருந்தால் கிடங்கில் பூஞ்சணம் பிடித்து நஞ்சு ஏறும், ஆலை கழித்துவிடும். மாதிரிக் காயை உடைத்துப் பருப்பு எவ்வளவு தேறுகிறது என்று உறுப்பினரின் கண்முன்னே காட்டுபவர் வேண்டும். விதைப் பண்ணையைச் சுற்றிவந்து வேறு இரகக் கலவன் செடிகளைப் பிடுங்குபவர் வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு வாரத்தில் கற்கக் கூடியவை, ஒரு பட்டம் முழுவதும் கூலி தரக் கூடியவை.

விதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் வட்டாரத்தில் பணம் அங்கேதான் இருக்கிறது. ஏக்கருக்கு ஐம்பது கிலோவுக்குமேல் விதைப் பருப்பு போகிறது. சாகுபடிச் செலவில் விதைதான் பெரும்பங்கு. ஒன்றுக்குப் பத்து மடங்கு அளவுக்குத்தான் பெருகும் என்பதாலும், எடையும் இடமும் அதிகம் பிடிப்பதாலும், மக்காச்சோளத்துக்கும் காய்கறிக்கும் வரிந்துகட்டி வரும் பெரிய விதை நிறுவனங்கள் மல்லாட்டைப் பக்கம் வருவதில்லை. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.எம்.வி. என்ற பெயரில் வரும் இரகங்களெல்லாம் அந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கின்றன. அங்கிருந்து விதை பெற்று, உறுப்பினர்களில் இருபது பேரின் நிலத்தில் விதைச்சான்றுத் துறையின் வயலாய்வோடு பெருக்கி, மற்ற உறுப்பினர்களுக்கே விற்றால், ஏரிக்கரை அண்ணன் வியாபாரியிடம் கடனாக வாங்கும் அந்த விதைப் பருப்பின் இடத்தில் சங்கத்தின் விதை நிற்கும். அங்கே கட்டு அறுந்தால் அறுவடையும் தானாக இந்தப் பக்கம் திரும்பும்.

நான் ஏன் விலகினேன் என்றால், சம்பளம் ஏழு மாதம் வரவில்லை. வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.

வரப்போரம்:

இவ்வளவு நேரம் உறுப்பினர், உறுப்பினர் என்று பேசினீர்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் விதை ஊன்றுவது முதல் காய் ஆய்வது வரை நானும் என் மாமியாரும் செய்கிறோம்; சிட்டாவில் இருப்பது மாமனார் பெயர். என் கணவருக்கு முப்பத்து நான்கு வயது. அவர் பேரிலும் ஒரு சென்ட் இல்லை. பயிர்க்கடனுக்குச் சங்கத்துக்குப் போனால் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள். நிறுவனத்தில் சேரப் போனாலும் அதையே கேட்டார்கள். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதைத் தந்தை உயிரோடு இருக்கும்போது பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுக்க முடியாது, கொடுத்தால் யாருக்கும் பயன்படாது. ஆகவே ஊரில் இருக்கும் இளைஞர்கள் எல்லோரும் சொந்த வீட்டிலேயே கூலியில்லாத வேலைக்காரர்கள். தொழிற்சாலையில் பதினைந்தாயிரம் என்றாலும் அது அவர்கள் பேரில் வங்கிக் கணக்கில் விழுகிறது.

கணக்கெழுதுபவள்:

அம்மா சொன்னது உண்மை, ஒன்றைச் சேர்க்கிறேன். உற்பத்தியாளர் நிறுவனச் சட்டம் பட்டா கேட்கவில்லை. முதன்மை விளைபொருள் சார்ந்த தொழிலில் ஈடுபட்டிருக்கும் எவரும் உற்பத்தியாளர்தான். குத்தகைக்காரரும் கறவை மாடு வைத்திருப்பவரும் அதில் அடங்குவர். பட்டா கேட்பது நாமாகவோ, நமக்கு மேலிருப்பவர்களாகவோ வைத்துக்கொண்ட பழக்கம். நிறுவனத்தின் நடைமுறை விதிகளைத் திறந்து பாருங்கள். கடனுக்கும் வழி உண்டு: நான்கு முதல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால், நிலப் பத்திரம் இல்லாமலும் வங்கியில் கேட்கலாம். வங்கி மேலாளர் முதல் முறையே தலையசைப்பார் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

பழைய செயலர்:

செயல் அலுவலர் தம்பி சொன்ன வேலைப் பட்டியலைப் படித்தபோது பால் சங்கங்கள் நினைவுக்கு வந்தன. குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பின்னாளில் அமுல் என்று பெயர்பெற்ற பால் ஒன்றியம் 1946இல் பதிவானபோது இரண்டே கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்கு 247 லிட்டர் பால். திரிபுவன்தாஸ் படேல் வீடு வீடாக நடந்து அமைத்த அந்தச் சங்கங்களுக்கு, 1949இல் அந்த மாவட்டத்தின் ஆனந்த் ஊருக்கு வந்த பொறியாளர் வர்கீஸ் குரியன் பின்னர் தொழில்நுட்பத்தையும் நிர்வாகத்தையும் சேர்த்தார். நம் ஊர்ப் பால் சங்கத்திலும் காலை ஐந்து மணிக்கு ஒரு பையன் கொழுப்புச் சத்தைப் பார்த்து எழுதுகிறான். ஊற்றியவர் அந்த எண்ணைத் தன் கண்ணால் பார்க்கிறார். அளவை உற்பத்தியாளரின் பக்கத்தில் இருக்கிறது, அளப்பவன் ஊர்ப்பிள்ளை, அவன் சம்பளம் அந்தப் பாலிலிருந்தே வருகிறது. மல்லாட்டைக்கும் அதுபோல ஒரு மேசை போட முடியாதா என்பதே என் கேள்வி. பால் தினமும் வருகிறது, காய் ஆண்டுக்கு இருமுறைதான் வருகிறது என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை. அதனால் அந்தப் பையனுக்கு மற்ற மாதங்களில் வேறு வேலை வேண்டும்.

ஏரிக்கரை:

மேசை போடுங்கள், நான் வருகிறேன். ஆனால் தயவுசெய்து செக்குப் போடாதீர்கள். எந்த நிறுவனத்தைக் கேட்டாலும் மரச்செக்கு எண்ணெய் என்கிறார்கள். எங்கள் பகுதியில் மட்டும் நான்கு செக்குகள் மானியத்தில் வந்து, புட்டி ஒட்டுத்தாளோடு நிற்கின்றன. எண்ணெய் ஆட்டுவது பெரிதன்று. மாதாமாதம் அதை யார் வாங்குவது? உழவர் குழுவுக்கு ஐந்து லட்சம் கொடுத்து வாங்கவைத்த இயந்திரங்களின் கதையும் அப்படித்தான்: எங்கள் குழுவின் பவர் டில்லர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைய இடமாகிவிட்டது. அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஒரு பையனை வைத்து, வாடகையில் பங்கு கொடுத்திருந்தால் அவனும் இருந்திருப்பான், இயந்திரமும் இருந்திருக்கும். பெரியவர் கேட்ட மற்ற மாத வேலை இதுதான்.

பணம் உடனே கிடைக்க ஒரு வழியையும் சொல்கிறேன். நிறுவனம் எல்லாச் சரக்கையும் விலைக்கு வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கிடங்கில் வைத்தால், சரக்கையே ஈடாகக்கொண்டு அதன் மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் கிடைக்கிறது. ஆறு மாதம் வரை வைத்திருக்கலாம். எங்கள் ஊரிலிருந்து பத்து மூட்டைக்காக ஒருவன் வண்டி பிடித்துப் போனால் வாடகை கட்டாது. இருபது பேரின் மூட்டைகளைத் தரம் பிரித்து, சீட்டு எழுதி, ஒரே வண்டியில் ஏற்றி, கடன் தாளையும் முடித்துத் தருகிற வேலையை நிறுவனம் செய்து, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்ளட்டும். 12 லட்சத்தை வைத்துக்கொண்டு 2 கோடிக்கு வாங்க வேண்டிய தலைவலி இல்லை.

கணக்கெழுதுபவள்:

இது நடக்கும். கொள்முதலுக்கான முதலீடும் விலை இறங்கும் ஆபத்தும் நிறுவனத்தின் தலையில் விழாது. ஆனால் கூலி வருமானம் குறைவாகத்தான் இருக்கும். முதல் ஆண்டில் முழுநேரச் செயல் அலுவலரைத் தாங்காது. சட்டப்படி அவரை வைக்காமலும் இருக்க முடியாது. இடுபொருள் விற்பனையின் லாபத்தையும் சேர்த்தால்தான் கட்டும். மல்லாட்டைக்கு இடும் ஜிப்சத்தை மட்டும் பாருங்கள்: ஏக்கருக்கு 160 கிலோ, எல்லோருக்கும் ஒரே வாரத்தில், மண் அணைக்கும்போது வேண்டும். அதை முன்பதிவு எடுத்து இறக்கினால் முதலீடு தேங்காது.

மல்லாட்டைக்காடு:

அனைவருக்கும் நன்றி. ஞாயிறன்று இயக்குநர் கூட்டம் நடந்தது. இங்கே எழுதியவற்றை அச்செடுத்துப் படித்துக்காட்டினேன். நாங்களும் ஏற்கெனவே கொடுத்திருந்த செக்குக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதில் மட்டும் இரண்டு மணி நேரம் சண்டை நடந்து, முடிவில் ஒத்திவைத்தார்கள். மற்றபடி, இந்த மார்கழிப் பட்டத்தின் அறுவடைக்கு மூன்று ஊர்களில் மூன்று மேசைகள் போடுவதென்றும், ஒவ்வொன்றிலும் ஒரு மின்னணுத் தராசு, ஓர் ஈரப்பதமானி, ஓர் ஆள் என்று வைப்பதென்றும் முடிவாகியிருக்கிறது. ஆள்களில் இருவர் பெண்கள். ஒருவர் வணிகவியல் படித்தவர், ஆண்டுப் படிவங்களையும் அவரே பழகிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பட்டா இல்லாதவர்களைச் சேர்ப்பதற்கு நடைமுறை விதியில் தடை எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டோம். பதினொரு பேர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். விதைப் பண்ணைக்கு இருபது பேர் கேட்டால் ஏழு பேர்தான் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேர் ஏழு பேரின் விளைச்சலைப் பார்த்துவிட்டு வருவார்களாம்.

மகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். மாதம் எவ்வளவு வரும் என்று கேட்டான். மூட்டைக் கூலியின் கணக்கைச் சொன்னேன். பார்க்கலாம் அப்பா என்றான்.

ஒரே ஒரு சந்தேகம்: வியாபாரியின் தராசில் சோதித்தால் எங்கள் தராசு மூட்டைக்கு அரைக் கிலோ வேறுபடுகிறது. எது சரி என்று ஊரில் இப்போதே பேச்சுக் கிளம்பிவிட்டது.

பழைய செயலர்:

மேசை போடுவதற்கு முன்பு மூன்று தராசுகளுக்கும் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை வாங்கிவிடுங்கள். மின்னணுத் தராசுக்கு அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சான்றை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே முத்திரையிட்ட இருபது கிலோ படிக்கல் ஒன்றையும் வையுங்கள். சந்தேகப்படுகிறவர் தானே தூக்கித் தராசில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.